ஹெட்போனும் தறிச் சத்தமும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கல. ஆபீஸ்ல ஆணி அதிகம், டேமேஜர் தொல்லை அதைவிட அதிகம். அதை விடுங்க.

போன வாரம் காலேஜ் நண்பன் ஒருத்தன் கூப்பிட்டான். "மாப்ள, பக்கத்து சீட்டுக்காரன் பேச்சு காதுல விழாத மாதிரி ஒரு ஹெட்போன் சொல்லுடா. காசு பிரச்சினை இல்ல"ன்னான். ஒரு வரில மாடல் பேரைச் சொல்லிட்டு வச்சிருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? முக்கால் மணி நேரம் பேசிட்டேன். கடைசில அவன், "இதைப் பதிவாப் போட்டுத் தொலையேன், என்னை ஏண்டா கொல்ற"ன்னான். போட்டாச்சு.

மொதல்ல ஒரு சுய அறிமுகம். ஓஎம்ஆர்ல பொட்டி தட்டுற கூட்டத்துல நானும் ஒருத்தன். எங்க ஆபீஸ் ஒரு பெரிய ஹால். தடுப்பு கிடையாது, கதவு கிடையாது. ஒரு பக்கம் ஏசி உறுமல், இன்னொரு பக்கம் சப்போர்ட் டீம், பின்னாடி காபி மெஷின். வேலைக்குச் சேர்ந்த புதுசுல, போனோட டப்பால இலவசமா வந்த இயர்போனை மாட்டிக்கிட்டு ராஜா பாட்டைப் போட்டேன். சத்தம் கேட்டா வால்யூம் கூட்டுவேன். இன்னும் கேட்டா இன்னும் கூட்டுவேன். நாலு வருஷம் இப்படித்தான் ஓடுச்சு. அதுக்கு அப்புறம் ஒரு நாள் ராத்திரி, கரண்ட் போய் ஃபேன் நின்ன நேரம், வலது காதுக்குள்ள 'ஙொய்ய்ய்'ன்னு ஒரு சத்தம். கொசுன்னு நெனச்சு கையை வீசினேன். கொசு இல்ல. அந்தச் சத்தம் இன்னிக்கும் இருக்கு. இதை எழுதும்போதும் கேக்குது.

சரி, மேட்டருக்கு வருவோம். என் கருத்து இதுதான்: வெளிச்சத்தத்தை அடக்க ஹெட்போன் வாங்குறவங்கள்ல முக்காவாசிப் பேர் தப்பான கேள்வியோட கடைக்குப் போறாங்க. "எது பெஸ்ட்?"ங்கறது கேள்வியே இல்ல. "எனக்கு எந்தச் சத்தம் தொல்லை?"ன்னுதான் மொதல்ல கேக்கணும்.

இப்ப எல்லா விளம்பரத்துலயும் வர்ற 'நாய்ஸ் கேன்சலிங்' என்ன பண்ணுதுன்னு பாருங்க. வெளிய ஒரு மைக் சத்தத்தைப் பிடிக்கும். உள்ள இருக்கிற சர்க்யூட் அதுக்கு நேர் எதிர் அலையை உண்டாக்கும். ரெண்டும் மோதி ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கும். மேடும் பள்ளமும் சேர்ந்தா சமதரை, அவ்வளவுதான் தத்துவம். புது யோசனையும் இல்ல. பால் லூக்ங்கற ஜெர்மன்காரர் 1936லயே இதுக்கு அமெரிக்கக் காப்புரிமை வாங்கிட்டார். 1978ல அமர் போஸ் (நம்ம வங்காளத்து அப்பாவுக்கு அமெரிக்காவுல பொறந்தவர்) விமானத்துல போகும்போது, குடுத்த ஹெட்போன்ல இஞ்சின் சத்தம் தாங்காம அங்கயே உக்காந்து கணக்குப் போட ஆரம்பிச்சார். விமானிகளுக்கான ஹெட்செட்டா அது கடைக்கு வந்தது 1989ல. பதினோரு வருஷம்!

கவனிங்க, பொறந்த இடம் விமானம். அங்க இருக்கிறது நிக்காம ஒரே மாதிரி வர்ற, கனமான, தாழ்ந்த உறுமல். இந்த டெக்னாலஜிக்குப் பிடிச்ச சாப்பாடே அதுதான். ஏன்னு கேட்டா, 100 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலைநீளம் கிட்டத்தட்ட மூணரை மீட்டர். எதிர் அலையை உண்டாக்கறதுல கொஞ்சம் முன்ன பின்ன ஆனாலும் பெருசா பிசகாது. 3000 ஹெர்ட்ஸ்னா அலைநீளம் பதினொரு சென்டிமீட்டர்தான். அங்க ஒரு மில்லி செகண்டுல ஆறுல ஒரு பங்கு தாமதமானாக்கூட மேடும் மேடும் சேர்ந்து, அழிய வேண்டியது கூடிப்போயிரும். அதனால பொதுவா 1000 ஹெர்ட்ஸுக்கு மேல போகப் போக இந்த எதிர் அலை வேலை கொறைஞ்சுக்கிட்டே வரும். அதுக்கு மேல இருக்கிறதைத் தடுக்கறது காதை மூடியிருக்கிற மெத்தையும் ரப்பரும்தான்.

இப்ப என் நண்பன் கதைக்கு வாங்க. அவனுக்குத் தொல்லை ஏசி இல்ல, பக்கத்து சீட்டு பேச்சு. பேச்சுல வார்த்தையைப் புரிய வைக்கிற 'ச', 'த', 'க' மாதிரி எழுத்துச் சத்தமெல்லாம் பெரும்பாலும் அந்த மேல் பகுதிலதான் இருக்கு. பல ஆயிரம் குடுத்து வாங்கின ஹெட்போனை மாட்டி, கேன்சலிங்கை ஆன் பண்ணினா என்ன ஆகும்? ஏசி உறுமல் மாயமா மறைஞ்சிரும். அந்த உறுமல் அது வரைக்கும் ஒரு திரை மாதிரி பேச்சை மூடி வச்சிருந்துச்சு. திரை போயிருச்சா, பக்கத்து சீட்டுக்காரன் வீட்டு ஈஎம்ஐ கதை முன்னைவிடத் தெளிவா கேக்கும். சொந்த அனுபவம். சம்பளத்துல பாதியைக் கொட்டி வாங்கிட்டு அன்னிக்கு முழுக்க அவ்வ்வ்வ்னு உக்காந்திருந்தேன்.

பேச்சு மட்டும் ஏன் இவ்வளவு இம்சை பண்ணுது? 1976ல கோல், வெல்ஷ்னு ரெண்டு பேர் ஒரு சோதனை பண்ணினாங்க. எழுத்துகளை வரிசையா காட்டி ஞாபகம் வச்சுக்கச் சொல்லிட்டு, பக்கத்துல யாரோ படிக்கிற மாதிரி ஓட விட்டாங்க. அதுவும் கேக்கறவங்களுக்குப் புரியாத ஜெர்மன்ல. அப்பவும் ஞாபகம் தடுமாறுச்சு. சத்தம் பெருசா சின்னதாங்கறது அவ்வளவு முக்கியமில்ல, மாறிக்கிட்டே இருக்கிற பேச்சுங்கறதே மூளையை இழுத்துருது. அதனால "மெதுவாத்தானே பேசறோம்"னு சொல்ற சக ஊழியர்களே, நீங்க மெதுவா பேசினாலும் நாங்க சாகத்தான் செய்யறோம்!

அப்ப என்னதான் வாங்கறது? நான் தட்டுத் தடுமாறிக் கத்துக்கிட்டது இது:

1. தினமும் பஸ், ரயில், விமானம், ஏசி, ஜெனரேட்டர் இதுதான் தொல்லைன்னா கேன்சலிங் ஹெட்போன் குடுத்த காசுக்கு உழைக்கும். கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். கண்ணாடி போடறவங்க மட்டும் ஒரு தடவை மாட்டிப் பாத்துட்டு வாங்குங்க. கண்ணாடிக் கம்பி மெத்தையைத் தூக்கிப் பிடிச்சா அந்த இடுக்கு வழியா எல்லாம் உள்ள வந்துரும்.

2. பேச்சு, நாய் குரைப்பு, டிவி சீரியல் இதுதான் தொல்லைன்னா காதுக்குள்ள நல்லா இறங்கி அடைக்கிற இயர்போன் வாங்குங்க. ரப்பர் முனையைவிட அமுங்கி விரியற ஃபோம் முனை இன்னும் நல்லா அடைக்கும். ஈடிமோட்டிக் கம்பெனி 1991ல கொண்டு வந்த ஈஆர்-4ல பேட்டரியும் இல்ல, எதிர் அலையும் இல்ல. காதுக்குள்ள ஆழமா போய் அடைக்கும், அவ்வளவுதான். வெளிச்சத்தம் 35 டெசிபலுக்குப் பக்கம் கொறையும். என்ன, இட்லி மெல்லறதும் நீங்க நடக்கறதும் உங்க தலைக்குள்ள தப்பு அடிக்கிற மாதிரி கேக்கும். பழகிரும்.

3. ரெண்டும் தொல்லைன்னா, அடைக்கிற வகைல கேன்சலிங்கும் இருக்கிறதை வாங்கி, பாட்டுக்குப் பதிலா மழைச் சத்தமோ அருவிச் சத்தமோ மெல்லிசா ஓட விடுங்க. போன திரைக்குப் பதிலா நாமளே ஒரு திரை போடறோம். நான் இப்ப இதைத்தான் பண்றேன். வால்யூம் பாதிக்கும் கீழ.

4. பாட்டே வேண்டாம், அமைதி போதும்னா ஹெட்போனே வாங்காதீங்க. தொழிற்சாலைக்காரங்க வாங்கற ஃபோம் இயர்பிளக் மருந்துக்கடைலயே கிடைக்கும். ஒரு ஜோடி விலை ஒரு காபிக்காசு. சும்மா சொருகினா பிரயோஜனம் இல்ல. விரல்ல உருட்டி ஒல்லியாக்கி, இன்னொரு கையால காதை மேல பின்னால இழுத்து, உள்ள விட்டு, அரை நிமிஷம் விரலை எடுக்காம பிடிக்கணும். உள்ள போய் அது விரியறது தெரியும்.

இது வரைக்கும் எழுதினதை எந்த கேட்ஜெட் பக்கத்துலயும் படிச்சுரலாம். எனக்குச் சொல்ல வேண்டியது இனிமேதான். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்க ஊரு சோமனூர் பக்கம். அந்தப் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும், ஊரே தறிச் சத்தத்துலதான் தூங்கும், தறிச் சத்தத்துலதான் முழிக்கும். சத்தம் நின்னுச்சுன்னா ஒண்ணு கரண்ட் போயிருக்கணும், இல்ல கூலிக்காக ஸ்டிரைக் நடக்கணும். அப்பா முப்பத்தி ரெண்டு வருஷம் தறி ஓட்டினவர். பனிரெண்டு மணி நேர ஷிப்ட்டு. குடோனுக்குள்ள யாரும் வாயால பேச மாட்டாங்க, கையாலயும் உதட்டாலயும்தான் பேசுவாங்க. சின்ன வயசுல எனக்கு அது ஒரு ரகசிய பாஷை மாதிரி பெருமையா இருக்கும். ரொம்ப முடியலன்னா கீழ கிடக்கிற பஞ்சை எடுத்துக் காதுல வச்சுக்குவார். சும்மா திணிச்ச பஞ்சு சத்தத்தைத் தடுக்கறது ரொம்பக் கம்மின்னு எனக்கு இப்பத்தான் தெரியும். அவருக்கு யாரும் சொல்லல.

இப்ப அப்பாவுக்குப் போன் பண்ணினா எல்லாத்துக்கும் ஒரே பதில்தான். "ஆங்... செரி செரி." "அப்பா, மாத்திரை போட்டீங்களா?" "செரி செரி." "எனக்குக் காய்ச்சல்ப்பா." "செரி கண்ணு, செரி." அதுக்கப்புறம் அம்மா போனைப் பிடுங்கி, "அவருக்கு எங்கீடா கேக்குது, எங்கிட்டச் சொல்லு"ம்பாங்க. ரொம்ப நாள் இதை வீட்டு ஜோக்காத்தான் வச்சிருந்தோம்.

காதுக்குள்ள சத்தம் வந்தப்புறம் கோவைல காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போனேன். துணைக்கு வாங்கன்னு பொய் சொல்லி அப்பாவையும் கூட்டிட்டுப் போய் ரெண்டு பேருக்குமே ஆடியோகிராம் எடுத்தோம். ரெண்டு காகிதத்தையும் டாக்டர் மேஜை மேல பக்கத்துல பக்கத்துல வச்சார். அப்பாவோடது பாதிலேயே சரிஞ்சு கீழ விழுந்து கிடந்துச்சு. என்னோடது முக்கால்வாசி நேர்கோடு, 4000 ஹெர்ட்ஸ் கிட்ட மட்டும் ஒரு சின்னப் பள்ளம். "அளவு இன்னும் நார்மலுக்குள்ளதான்"னார் டாக்டர். ஆனா சத்தத்தால காது கெடும்போது மொதல்ல பள்ளம் விழற இடம் அதுதானாம். அப்பாவுக்கும் முப்பது வருஷம் முன்னாடி அங்கதான் ஆரம்பிச்சிருக்கணும்.

வெளிய வந்ததும் அப்பா கேட்டார். "ஏங் கண்ணு, நாந்தான் தறிக்குள்ள கெடந்தேன். நீ ஏசி ரூம்புல உக்காந்து வேல பாக்கறே. உனக்கெப்படி?"

என்ன பதில் சொல்றது சொல்லுங்க? தறிச் சத்தம் என் காதுல விழக்கூடாதுன்னுதான் அந்த மனுஷன் இஞ்சினியரிங் படிக்க வச்சார். நான் காசு குடுத்து ஒரு தறியை வாங்கிக் காதுக்குள்ள மாட்டிக்கிட்டேன்.

காதுக்குள்ள ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய பதினஞ்சாயிரம் நுண்முடி செல்கள்தான் இருக்கு. மனுஷனுக்கு அது செத்தா மறுபடி முளைக்காது. உலக சுகாதார நிறுவனம் சொல்ற கணக்கு: 80 டெசிபல்னா வாரத்துக்கு 40 மணி நேரம் கேக்கலாம். 90 ஆச்சுன்னா வாரத்துக்கு 4 மணி நேரம்தான். 100 ஆச்சுன்னா 20 நிமிஷம். ஏன் இப்படிக் கிடுகிடுன்னு இறங்குதுன்னா, டெசிபல் நம்ம ஸ்கூல் மார்க் மாதிரி இல்ல. மூணு கூடினாலே சக்தி ரெண்டு மடங்கு, பத்து கூடினா பத்து மடங்கு.

அதனால என்னைக் கேட்டா, சத்தத்தை அடைக்கிற ஹெட்போன் வாங்கறதுக்கு ஒரே நியாயமான காரணம் வால்யூமைக் குறைக்கறதுதான். "பேஸ் அதிருது", "நாப்பது மணி நேரம் சார்ஜ் நிக்குது" எல்லாம் அப்புறம். புதுசு வாங்கின ஒரு வாரம் கழிச்சுப் பாருங்க. பழசுல வச்ச வால்யூமைவிட இதுல கொறைஞ்சிருக்கா? கொறையலன்னா நீங்க வாங்கினது ஹெட்போன் இல்ல, நகை.

இன்னொரு கருத்தும் இருக்கு, கொஞ்சம் காரமா இருக்கும். அமைதியை ஒவ்வொருத்தனும் சொந்தக் காசுல வாங்கிக்கணும்ங்கற இந்த ஏற்பாடே தப்பு. தடுப்பை எல்லாம் எடுத்துட்டா எல்லாரும் கூடிப் பேசி வேலை செய்வாங்கன்னு சொல்லித்தான் ஹாலைத் திறந்து விட்டாங்க. பெர்ன்ஸ்டீன், டர்பன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் அப்படி மாறின ரெண்டு கம்பெனிகளை அளந்து 2018ல எழுதினாங்க. நேருக்கு நேர் பேசறது கிட்டத்தட்ட 70 சதவீதம் கொறைஞ்சு போச்சு, மெயிலும் சாட்டும் கூடிப்போச்சு. காரணம், என்னைக் கேட்டா, சிம்பிள். எல்லாரும் ஹெட்போன் மாட்டிக்கிட்டாங்க. சுவரை இடிச்சாங்க, நாம காதுல கட்டிக்கிட்டோம். சுவர் செலவு கம்பெனிக்கு மிச்சம், நமக்கு ஈஎம்ஐ.

தறி குடோன்லயும் இதே கதைதான், விலைதான் வேற. சத்தத்தால காது கேக்காமப் போறது 1948 தொழிற்சாலைச் சட்டத்தோட மூணாவது அட்டவணைல தொழில் நோயாவே இருந்துச்சு. ஆனா எங்க ஊர்ல வீட்டுக்குப் பின்னாடி எட்டுத் தறி, பத்துத் தறி போட்டு ஓட்டற இடத்துக்கு அந்த அட்டவணை நடந்து வந்ததை நான் பாத்ததில்ல.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்ப பெரியப்பா பையன் குடோனுக்குப் போனேன். அண்ணன் பத்துத் தறி ஓட்டறார். உள்ள போனா அவர் காதுல வயர் இல்லாத இயர்போன்! "சத்தமே தெரியறதில்ல தம்பி, ராஜா பாட்டுப் போட்டுட்டா நேரம் போறதே தெரியல"ன்னார். எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு. போன் ஆப்ல அளந்தா 97க்கும் 101க்கும் நடுவுல ஆடுது. போன் மைக்கு கணக்கு தோராயம்தான். ஆனா 100னு வச்சுக்கிட்டா, அமெரிக்காவோட நயோஷ் நிறுவனம் பரிந்துரைக்கிறது ஒரு நாளைக்கு 15 நிமிஷம். அண்ணன் உள்ள இருக்கிறது பத்து மணி நேரம். அந்தச் சத்தத்துக்கு மேல பாட்டு கேக்கணும்னா பாட்டு எவ்வளவு இருக்கணும்? தறியோட சேர்த்து தறிக்கு மேல ஒரு தறி. சாதாரண இயர்போன், அது கேன்சலிங்கே ஆனாலும், காதுகாப்புக் கருவின்னு சோதிச்சு சான்று குடுத்த சாமான் இல்ல.

சென்னை வந்ததும் ஒரு டப்பா இயர்பிளக்கும், காதை மூடற ஒரு இயர்மஃப்பும் வாங்கி அனுப்பினேன். டப்பா மேல 29 டெசிபல்னு போட்டிருக்கும், அதை அப்படியே நம்பக் கூடாது. அமெரிக்காவுல ஓஷா பழக்கம் என்னன்னா, அதுல 7 கழிச்சு மிச்சத்தைப் பாதியாக்கணும். அப்ப 11தான். 100ல 11 போனா 89. மஃப் 31னு போட்டிருந்தா 12. ரெண்டையும் சேத்துப் போட்டா பெரிய நம்பரோட 5 கூட்டிக்கணும், ஆக 17. 100ல 17 போனா 83. எட்டு மணி நேரத்துக்கு நயோஷ் வைக்கிற எல்லை 85. கோட்டுக்கு உள்ள வந்தாச்சு. இந்தக் கணக்கை ஒரு காகிதத்துல தமிழ்ல எழுதி டப்பாவுக்குள்ள வச்சேன். ஃபேன்ஸி ஹெட்போன் ஒண்ணோட விலைல அந்த ஊர் குடோன் பாதிக்கு இதை வாங்கிக் குடுக்கலாம்.

சினிமாவா இருந்தா இங்க அண்ணன் திருந்தியிருக்கணும். நடந்தது என்னன்னா, மஃப் ஆணில தொங்குது. "வேர்த்து ஊத்துது தம்பி, அதை மாட்டிட்டு எவன் ஓட்டறது"ங்கறார். நியாயம்தான், அந்தத் தகர ஷெட்டுல நான் அரை மணி நேரம் நிக்க மாட்டேன். ஆனா இயர்பிளக்கு போடறார். ஆரம்பத்துல சும்மா நுனில சொருகியிருந்தார், உருட்டி விடறதை வீடியோ கால்ல காட்டினேன். 89 பத்தாதுன்னு எனக்கும் தெரியும். ஆனா 15 நிமிஷக் கணக்கு மூணு மணி நேரக் கணக்கா மாறியிருக்கு. டப்பா தீர்ந்துருச்சு, இன்னொண்ணு அனுப்புன்னு போன வாரம் அவராவே கேட்டார்.

அப்பாவுக்குக் காது மெஷின் வாங்கியாச்சு. பாதி நாள் போட மாட்டேங்கறார். போட்டுக்கிட்டு இருந்த ஒரு நாள் சாயங்காலம் திண்ணைல உக்காந்துட்டு, "பக்கத்துல எங்கியோ கிளி கத்துது கண்ணு"ன்னார். நான் காதுல இருந்ததைக் கழட்டிட்டுக் கேட்டேன். ஆமா, கத்துச்சு.

நீங்க என்ன மாட்டறீங்க, எவ்வளவு வால்யூம் வைக்கிறீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. திட்டறவங்களும் திட்டலாம், காதுல விழாது :-)

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல, வெறும் பொட்டி தட்டறவன். ராத்திரி அமைதியா இருக்கும்போது காதுக்குள்ள யாராவது விசில் அடிச்சா, கூகுளாண்டவர்கிட்ட போகாம டாக்டர்கிட்ட போங்க. நான் ஆறு மாசம் கூகுளாண்டவர்கிட்ட போய்ட்டுத்தான் அங்க போனேன்.